கையை விடச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தத்துக்கு நடுவே பிறந்தார். பிறகு குடும்பம் ஜோகுபாளையத்துக்கு வந்தது. அப்பா காலமானபின் அக்கா டைப்பிங் கற்று, ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். பொறுமைசாலி, சிரித்த முகம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் அக்கா என்னை ஏமாற்றினார். அதையும் எழுதத்தான் அக்காவின் நினைவு மலரில் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

1991-இல் அல்சூரில் ஒரு டீச்சரிடம் இருவரும் பியானோ பழகப் போனோம். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. இருவருக்குமே கை விறைப்பு. "கைய விடும்மா, கெட்டியா புடிக்காதே" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டில் பியானோ ஏது? வெந்நீரில் கை நனைத்து, சாப்பாட்டு மேசையில் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழகுவோம். அக்கா என் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, "நான் இருக்கேன்ல, விடுடி" என்று சொல்லிச் சட்டென்று தன் கையை எடுத்துவிடுவார். என் கை பொத்தென்று அவர் மடியில் விழுந்தால் பாஸ். அந்தரத்தில் நின்றால் ஃபெயில், ஒரு குட்டு.

மூன்று வருடம் கழித்து ஒரு நிகழ்ச்சியில் ஒரே பியானோவில் இருவரும் நாலு கையால் வாசிப்பதாக இருந்தது. அன்று காலை அக்கா, "எனக்கு இண்ட்ரஸ்ட் போச்சுடி, நீயே வாசி" என்றார். என் பாதியை மட்டும் வாசித்துவிட்டு அழுதுகொண்டே வந்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருடம் என் ஒரு நிகழ்ச்சிக்கும் அக்காவை நான் கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான்.

அக்கா சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நர்ஸ் ஊசி போட இடது கையைப் பிடித்தார். "அந்தக் கை வேணாம்" என்று அக்கா பதறினார். "ஆமா சிஸ்டர், பியானோ வாசிச்சு கெட்ட கை அது" என்றார் அம்மா. சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. பியானோ பழகிய நாட்களில் விரல் நன்றாக விரியட்டும் என்று அக்கா தினமும் விரலிடுக்கில் தீப்பெட்டியைச் செருகி இழுத்திருக்கிறார். மணிக்கட்டு நரம்பு கெட்டு, இனி விரலை விரித்து பியானோ வாசிக்கவே கூடாது என்று அந்த நிகழ்ச்சிக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தெரியும். டீச்சருக்கும் மாமாவுக்கும் சித்திக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீயும் பயந்து கைய இறுக்கிக்குவ. அப்புறம் உனக்கு வாசிக்கவே வராது."

"அதுக்காக என்னைக் கைவிட்டுடுவியா?"

"கைய விடுன்னுதானேடி டீச்சர் சொன்னாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை. பத்து நாளில் அக்கா போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தெரிந்தும் சொல்லாமல் இருந்த உறவினர்களே, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கச்சேரியைக் கேட்டுவிட்டு நீங்கள் எங்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உங்களிடம் அக்கா ஒன்று விடாமல் விசாரிப்பாராம், அம்மா சொன்னார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வாருங்கள், சாப்பிடுங்கள். போகும் முன் என்னிடம் வந்து, அக்கா என்ன கேட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.