ராயப்பராஜ் பார்த்த வானத்துக் கல்

ராயப்பராஜுக்குக் கடைசிவரை பெண் அமையவில்லை. திண்டுக்கல்லில் நான் நர்ஸாக இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சளியை மைக்ராஸ்கோப்பில் சோதிக்கிற வேலை அவனுக்கு. "சளியத் தொடுற கையி" என்று பெண் வீட்டார் விலகிப் போனார்கள். டீக்கடையில் அவனுக்குத் தனிக் கிளாஸ். நோயாளிகளும் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கெட்ட செய்தி அவன் மேஜையிலிருந்துதானே வந்தது. நாகல் நகரில் ஓர் அறை, ஒரு ஸ்டவ். அவ்வளவுதான் அவன் குடும்பம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், கீரனூர் விவசாயி நல்லுசாமி குணமாகி வீட்டுக்குப் போனபோது அவனுக்கு ஒரு கருப்புக் கல்சில்லைக் கொடுத்தார். அவருடைய கடலைக்காட்டில் வானத்திலிருந்து விழுந்த கல்லை ஊரார் சாமியாக்குவதற்கு முன்பே அதிலிருந்து உடைத்ததாம். கட்டைவிரல் நகமளவு இருக்கும்.

வானத்துக் கற்களுக்குள் நுண்ணுயிர்கள் கல்லாகிப்போன மாதிரி உருவங்கள் தெரிவதாகச் சில வெளிநாட்டு விஞ்ஞானிகள் சொல்ல, அதெல்லாம் வெறும் தாது என்று வேறு சிலர் மறுத்துக்கொண்டிருந்த நேரம் அது. ராயப்பராஜ் பத்திரிகையில் படித்திருந்தான். சில்லைப் பொடித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, என்னையும் இழுத்துப்போய்க் காட்டினான். உருண்டை உருண்டையாக, சில இடத்தில் மணி கோத்தது போலத் தெரிந்தன.

"உசுரு இருந்ததுதான்க்கா. பேப்பருக்கு எழுதப் போறேன். பெறகு பாருங்க, என்னையத் தேடி வருவாக."

"மஞ்சப்பொடியா இருக்கப் போகுதுலே. கல்லக் கண்டா பூசிருவாகல்ல?" என்றேன்.

"அது சாமியாகறதுக்கு முந்தி ஒடைச்சதுக்கா" என்று சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "அமிலம் விட்டாத் தெரிஞ்சிரும். தாதுன்னா கரையும். உசுரோட கூடுன்னா நிக்கும். ஆனா பொடி இம்புட்டுத்தான் இருக்கு, சோதிச்சா இதுவும் போயிரும்."

இன்னொரு சில்லு கேட்டுக் கீரனூருக்குப் போனான். கல் வேப்பமரத்தடியில் மஞ்சளும் துண்டுமாக உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க, சாமிய ஒடைக்கச் சொல்றீங்களே, நல்லா இருக்குதுங்களா?" என்று நல்லுசாமி மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதன்பின் தினமும் வேலை முடிந்ததும் அந்தப் பொடியைப் பார்த்துக்கொண்டு இருப்பான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஆயாக்களிடம் வலியப் பேசினான். பேப்பருக்கு எழுதுவது மட்டும் நடக்கவில்லை. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"சோதிக்காம ரிப்போர்ட்டு குடுப்பியா ராயப்பா?"

அமிலப் புட்டியை எடுத்தான். ஒரு சொட்டு. கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவே இல்லை. நான் பார்த்தபோது குமிழிகள் அடங்கியிருந்தன. மணிகளும் இல்லை, உருண்டைகளும் இல்லை.

"ஒண்ணுமில்லக்கா" என்றான்.

வார்டில் அதற்குச் சளியில் கிருமி இல்லை என்று அர்த்தம்; அந்த வார்த்தைக்குக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நான் அவன் தோளில் கைவைத்தேன். நெளிந்தான், யாரும் அவனைத் தொட்டுப் பழக்கமில்லை. வாசலில் மூக்காயி என்ற நோயாளி சளிக்குப்பியோடு நின்றாள். அவன் கண்ணாடித்துண்டைக் கழுவிவிட்டு குப்பியை வாங்க அவளிடம் கையை நீட்டினான். அவள் குப்பியை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.