தண்ணிப் பெரட்டு

வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில் மழையைத் திட்டாத ஆள் கிடையாது. வானம் பொத்துக்கொண்டதா என்பார்கள், அட்டை கடிக்கிறது என்பார்கள், கம்பளி காயவே மாட்டேன் என்கிறது என்பார்கள். நான் ஒருத்திதான் வெயிலைத் திட்டினேன். மாசி மாதம் வந்து மலையெல்லாம் பளிச்சென்று காய்ந்தால் எனக்கு வெளியே தலைகாட்டவே பிடிக்காது. மழை நாளில் கொழுந்து எடுக்கிற அத்தனை பொம்பளைகளும் இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருப்பார்கள். அவர்களோடு நானும் ஒருத்தி. வெயில் நாளில் நனைந்து நிற்பவள் நான் மட்டும்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெட்கப்படுகிற வயதைத் தாண்டியாகிவிட்டது. தலைப்பிரசவத்தில் மூன்று நாள் வலி கண்டேன். பிள்ளை இறங்காமல் நின்றுவிட்டது. பாதையில் மண் சரிந்து கிடந்ததால் லொறியும் வரவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை உயிரில்லாமல் வந்தது. பையன். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதினால் காகிதம் நனையும், நான் நனைந்தது போதும்.

ஒரு வாரம் கழித்து மூத்திரம் என்னைக் கேட்காமல் தன்பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. பிள்ளையின் தலை நாள்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தியதால் உள்ளே சதை செத்து ஓட்டை விழுந்துவிட்டதாம். அது பின்னால் தெரிந்த விஷயம். அப்போது தெரிந்ததெல்லாம், உட்கார்ந்தாலும் ஒழுகும், நின்றாலும் ஒழுகும், தூங்கினாலும் ஒழுகும் என்பதுதான். மூன்று வருஷம் ஒழுகியது.

தினமும் விடிகாலையில் கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். எல்லாரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற இடமும் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற இடமும் காலியாக இருக்கும். தோட்டத்துத் துரை வந்து நின்றால்கூட அவ்வளவு மரியாதையாக விலக மாட்டார்கள். யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, மூக்கைச் சுளித்ததோடு சரி.

இதற்கு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிக்காமல் இருப்பது. உள்ளே ஊற்றினால்தானே வெளியே வரும்? விடிகாலையில் ஒரு வாய், ராத்திரி சோற்றோடு ஒரு வாய். பத்து மணிக்கு மலையில் எல்லாரும் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போது, நான் மட்டும் கொழுந்தில் கிடக்கிற பழுத்த இலையைப் பொறுக்குவதுபோல பாவனை செய்துகொண்டிருப்பேன். ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுத்தவள், மூன்று வருஷம் ஒரு முழுக் கோப்பை தேத்தண்ணி குடித்ததில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குறையக் குறையத்தான் நாற்றம் கூடுகிறது என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

என் வீட்டுக்காரர் தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒரு சம்பள நாள் ஹட்டன் கடைவீதிக்குப் போய்விட்டு வந்தவர், கூடையை வைக்கும்முன்னே ஆரம்பித்தார்.

"சிஸ்டர்மாரு ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளக்கார டாக்டரம்மா வந்திருக்காங்களாம். சும்மாவே தச்சு விடுறாங்களாம்."

"என்னாத்த தைக்கிறாங்க?"

"ஒன்னையத்தான்."

அன்றைக்கு அவர் பேசவேண்டிய பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த வாரம் ரயில் ஏறினோம். ரயிலில் மானம் போகக்கூடாது என்று முதல் நாள் மத்தியானத்திலிருந்தே ஒரு சொட்டு குடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேரும்போது தலை சுற்றியது.

டாக்டரம்மா நெட்டையாக, செம்பட்டை முடியோடு இருந்தார். சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறார் என்று சொன்னார்கள். தமிழ் பேசுவார். எங்கே, யாரிடம் கற்றுக்கொண்டாரோ, மாதா கோயில் பிரசங்கத்தில் வருகிற தமிழ் அது. என் உதட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"மகளே, நீ எப்பொழுது தண்ணீர் பானம்பண்ணினாய்?"

"இப்பத்தாங்க டாக்டரம்மா, டேசன்ல" என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் சண்டை போடவில்லை.

வார்டில் ஆறு கட்டில்கள். உள்ளே காலெடுத்து வைத்ததும் ஒரு வாசம் அடித்தது. என்னுடைய வாசம்! ஆனால் அது என்னிடமிருந்து வரவில்லை, மற்ற ஐந்து கட்டில்களிலிருந்தும் வந்தது. அந்த நாற்றத்தை முகர்ந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐந்து பேருக்கும் என் வியாதிதான். இந்த வியாதி கடவுள் எனக்கென்றே தனியாகச் செய்து அனுப்பியது என்று மூன்று வருஷம் நினைத்திருந்தேன். அந்தப் பெருமை அன்றைக்குப் போனது.

பக்கத்துக் கட்டிலில் பொல்பிட்டியப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்கள அக்கா. அவருக்கு அரைகுறைத் தமிழ், எனக்கு அரைகுறைச் சிங்களம். அக்கா என்பது இரண்டு பாஷையிலும் அக்காதான் என்பதால் முறை வைப்பதில் குழப்பம் வரவில்லை. என்னை நங்கி என்று கூப்பிட்டார், தங்கச்சி என்று அர்த்தம். அவருக்கு அது மூன்றாவது தையல்.

எனக்குத் தைத்த அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமலே போனேன். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா ஏதோ கோயில் பாட்டை முனகிக்கொண்டு தைத்தார். முடிந்ததும் முகமூடியை இறக்கி, "ஓட்டை அடைக்கப்பட்டது. இனி பதினான்கு நாள் நீ பொறுமையாயிரு" என்றார். இந்தத் தையல் விட்டுப்போனால் அடுத்த தையல் இன்னும் கஷ்டம் என்றும் சொன்னார். அது மட்டும் மனசில் ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டது.

ஒரு ரப்பர் குழாய் என் உடம்பிலிருந்து புறப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிற கண்ணாடிப் போத்தலில் போய் முடிந்தது. நர்சம்மா மணிக்கு ஒரு தரம் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். நிறையக் குடிக்கவேண்டும், அது குழாய் வழியாக ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே முட்டித் தையல் தெறித்துவிடும். இதை எனக்கு நல்ல தமிழிலேயே விளக்கினார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

ஆனால் மூன்று வருஷப் பழக்கம் என்னிடம் வேறு நியாயம் பேசியது. கிழிந்த கொழுந்துச் சாக்கைத் தைத்தால் அன்றைக்கே யாராவது கனம் ஏற்றுவார்களா? சாக்குக்கு இருக்கிற சலுகை எனக்குக் கிடையாதா? அது போக, விரித்திருந்தது வெள்ளை விரிப்பு. குடித்து, அது நனைந்துவிட்டால், இவளுக்குத் தைத்தது வீண் என்று ரயிலேற்றிவிடுவார்கள் என்று பயந்தேன்.

தண்ணீரைக் குடிக்கக்கூடாது, குடித்ததாகவும் தெரியவேண்டும், போத்தலும் நிறையவேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வழி கண்டுபிடித்தேன். நர்சம்மா திரும்பியதும், கட்டிலோரம் கையைத் தொங்கவிட்டு டம்ளரை அப்படியே போத்தலுக்குள் கவிழ்த்தேன். சந்தேகம் வராமலிருக்க ஒரே ஒரு வாய் மட்டும் குடித்துக்கொள்வேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நர்சம்மா வந்து போத்தலைப் பார்த்து, "பாருங்க, புதுசா வந்த புள்ள எவ்வளவு சொல் பேச்சு கேக்குது! தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா போகுது" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இரண்டு நாள் அந்த வார்டிலேயே நல்ல பிள்ளை நான்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் டம்ளரைக் கவிழ்ப்பதைப் பக்கத்துக் கட்டில் அக்கா பார்த்துவிட்டார். "எப்பா நங்கி, எப்பா!" என்று கையை ஆட்டினார். வேண்டாம் என்கிறார். நான் உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் நர்சம்மா வந்துவிட்டார்.

போத்தலைத் தூக்கிய நர்சம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. எங்கள் மலைக் குளிரில் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். மனுஷ உடம்பிலிருந்து இறங்கியது கொஞ்சமாவது வெதுவெதுப்பாக இருக்கவேண்டாமா? இவ்வளவு யோசித்த நான் சூட்டை யோசிக்கவில்லை.

"ஏம்மா, இது ஒன் ஒடம்புலருந்து வந்துச்சா, ஆத்துலருந்து வந்துச்சா?"

நான் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டேன். அவர் போர்வையை விலக்கி என் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அது கல்லுபோல உப்பியிருந்தது. வலித்தது, தையல் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நர்சம்மாவின் முகம் மாறியது. டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. என் தையலை நானே பிரித்துவிட்டேன், கூட்டிக்கொண்டு வந்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று விக்கி விக்கி அழுதேன்.

டாக்டரம்மா குழாயில் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை எடுத்தார். கடுங்காப்பி நிறத்தில் ஏதோ இறங்கியது, பிறகு வயிறு தணிந்தது. தையல் பிடித்திருக்கிறதா, விட்டுவிட்டதா என்று இப்போது சொல்ல முடியாது, பதினான்காம் நாள்தான் தெரியும் என்றார். பிறகு என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். என் கட்டிலில் மூன்று வருஷமாக யாரும் உட்கார்ந்ததில்லை.

"மகளே, நீ ஏன் பானம்பண்ணாதிருந்தாய்?"

"குடிச்சா நனைஞ்சிருமே டாக்டரம்மா! இத்தன பேரு முன்னால இந்த வெள்ளத் துணியில நனைச்சிட்டா நான் எங்க போயி மூஞ்சிய வச்சிக்கிறது?"

அப்போது பக்கத்துக் கட்டிலில் அக்கா சத்தம் போட்டுச் சிரித்தார். தன் மெத்தையைத் தட்டிக் காட்டி, தெரிந்த தமிழை எல்லாம் திரட்டி, "நங்கி, இந்த மெத்த நான் நனச்சது. போன மெத்த நான் நனச்சது. டாக்டர் நோனா சப்பாத்து, அதுவும் நான் நனச்சது!" என்றார்.

டாக்டரம்மா மிகவும் யோசனையாகத் தன் காலணியைப் பார்த்தார். "மெய்தான். அவை எனக்குப் பிரியமான பாதரட்சைகளாயிருந்தன" என்றார்.

ஆறு கட்டிலும் வெடித்துச் சிரித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நர்சம்மா நடுவில் நின்று, "சிரிக்காதீங்க, தையல்! ஐயோ, தையலு!" என்று கத்தினார். அவர் கத்தக் கத்தச் சிரிப்பு கூடியதே தவிர அடங்கவில்லை. பிள்ளை செத்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து அக்காவே எனக்குக் கங்காணி. கடிகாரம் மணி அடித்ததும், "பெரட்டு!" என்று ஒரு அதட்டல். அந்தச் சொல்லை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், புத்தி கெட்டுப்போய். ஆறு பேரும் டம்ளரைத் தூக்கவேண்டும். ஒரே மூச்சில் குடிக்கவேண்டும். டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டவேண்டும். நான் கவிழ்க்கும்போது மட்டும் அக்கா எழுந்து உட்கார்ந்து உற்றுப் பார்ப்பார். எங்கள் தோட்டத்தில் கங்காணிக்கும் மேலே இருக்கிற கண்டாக்கையாகூட அவ்வளவு கெடுபிடி செய்தது கிடையாது. சாயங்காலம் ஒரு தரம் தண்ணீருக்குப் பதில் தேத்தண்ணி வரும். பால் விட்ட, இனிப்பான, முழுக் கோப்பைத் தேத்தண்ணி. முதல் தடவை அதைக் குடித்தபோது, இதற்காகவா இத்தனை வருஷம் முதுகு ஒடியப் பறித்தோம், பரவாயில்லை, பறிக்கலாம் என்று தோன்றியது.

எனக்குக் குழாய் எடுக்கிற நாளுக்கு நாலு நாள் முன்னால் அக்காவுக்கு எடுத்தார்கள். மறுநாள் காலையில் அவர் விரிப்பை மடித்துத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். முன்னைக்கு எவ்வளவோ குறைவு, ஆனால் கசிந்தது. டாக்டரம்மா அவரோடு வெகுநேரம் மெல்லப் பேசினார். வருகிற வருஷம் மறுபடி பார்க்கலாம் என்றார்களாம். அவர் கட்டிலுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றைக்கு நான் டம்ளரைத் தொடவில்லை. மணி அடித்தது. சுவர்ப்பக்கம் திரும்பியபடியே, "பெரட்டு" என்றார். எழுந்து குடித்தேன்.

பதினான்காம் நாள் என் குழாயையும் எடுத்தார்கள். விரிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். காய்ந்திருந்தது. எழுந்து நின்றேன், காய்ந்திருந்தது. நர்சம்மா இருமச் சொன்னார். பயந்து பயந்து இருமினேன். அப்போதும் காய்ந்திருந்தது. "முட்டுற மாதிரி இருந்தா ஒடனே போயிடணும், அடக்கக் கூடாது" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் முட்டியது. மூன்று வருஷமாக மறந்துபோயிருந்த ஒன்று, அடிவயிற்றில் மெதுவாக, போகலாமா என்று என்னைக் கேட்டது. வராந்தாக் கோடியில் இருந்த கக்கூசுக்கு நடந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றேன். என் சொல்லுக்கு அது நிற்கிறதா என்று பார்க்க ஆசை. நின்றது! இரு என்றேன், இருந்தது. எதிரே மலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. இளித்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா, இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தார். என்னையும் திறந்த கதவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எதற்கு நிற்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. சட்டென்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஏதோ அவர் பங்கையும் நானே தின்றுவிட்டதுபோல. தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா என் முதுகில் கையை வைத்துக் கதவுப் பக்கம் தள்ளினார்.

"போ நங்கி. எனக்கும் சேத்துப் போ" என்றார்.

நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போனேன்.