கட்டங்களை வாசித்தவர்

அவர் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இன்டர்நெட் கடை வைத்திருந்தார். சலவைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. எதை வாசிப்பதானாலும் முதலில் கைக்குட்டையால் திரையைத் துடைப்பார். தம்முடைய பழைய கணினியில் தமிழ் தெரியும்படி செய்துதர என்னைக் கூப்பிட்டிருந்தார்.

நான் போனபோது ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய மகளுக்கு அரபு நாட்டில் வீட்டு வேலை. மகள் யாரையோ பிடித்து அனுப்பிய மின்னஞ்சலைக் கடைக்காரர் குழைவான குரலில் வாசித்தார்.

"அம்மா, நான் சொகமா இருக்கேன். வீட்டுக்காரங்க ரொம்ப நல்லவங்க."

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் கணினி முன் உட்கார்ந்தேன். திரையில் தமிழ் எழுத்துகள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்தான் இருந்தன. தமிழ் எழுத்தை ஏற்றிவிட்டு அதே கடிதத்தைத் திறந்தேன்.

"அம்மா, தெனமும் அடிக்கிறாங்க. கையில சூடு வச்சிட்டாங்க. இது மூணாவது கடுதாசி. ஏன் என்னைய ஊருக்குக் கூப்பிட மாட்டேங்கிறீங்க?"

"என்னங்க இது?" என்றேன்.

"தெரியலன்னு சொன்னா அந்தம்மா வேற கடைக்குப் போயிருமே தம்பி."

ஓடிப்போய், புறப்படவிருந்த பஸ்ஸிலிருந்து அந்த அம்மாவை இறக்கினேன்.

"ஐயா வாசிச்சாரே தம்பி," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்கம்மா, இப்பத்தான் தெளிவா தெரியுது," என்று அதே குழைவோடு முழுவதையும் வாசித்தார். அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பல மாதம் அலைந்து மகளை மீட்டோம். இரண்டு கைகளிலும் தழும்பு.

அன்று அதை வாசித்தபோது கடைக்காரர் முகத்தில் கொஞ்சமாவது வெட்கம் இருந்ததா என்று இன்னமும் யோசிக்கிறேன். இருந்ததாக நினைவில்லை.