தூண் நிழலில் ஒரு சைக்கிள்

அண்ணியின் செருப்பில் எப்போதும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். அக்கம்பக்கத்தில் அவரை டீச்சர் என்றே நினைத்தார்கள். அவருக்கு வேலை சாலை விபத்து ஆய்வுக்கூடத்தில். கார் இருக்கைகளுக்கு உறை தைத்துக் கொடுக்கப் போனவரை, "உங்கள மாதிரி உயரம் கம்மியா இருக்கிறவங்க ஓட்டினா வெளியில என்ன தெரியுதுன்னு பாக்கணும், கொஞ்சம் உக்காருங்க" என்றார்களாம். "உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல" என்பார் அண்ணன்.

நான் பிழைக்கப் போய் அவர்கள் வீட்டில் தங்கியிருந்த காலம் அது. மருந்துக்கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலை. ஓட்டுநர் உரிமம் எடுத்தால்தான் நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பயிற்சியின்போது ஒரு திருப்பத்தில், சைக்கிளில் வந்த பெண் திடீரென்று கண்முன் முளைத்தாள். பயிற்சியாளர் பிரேக்கை மிதித்ததால் அவள் திட்டியதோடு போயிற்று. நான் பாதியிலேயே இறங்கி வீட்டுக்கு வந்து, இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றுவிட்டேன்.

"கண்ணப் பொடனியிலயா வச்சிருந்த?" என்றார் அண்ணன்.

"எதிர்ல இருக்கிற உப்பு டப்பாவையே காணோம்னு தேடுற ஆளு, நீங்க பேசாதீங்க" என்ற அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நாளைக்கு என்கூட வாங்க."

ஜன்னலே இல்லாத கூடம். நடுவில் ஒரு கார். ஓட்டுபவரின் தலை இருக்கவேண்டிய இடத்தில், கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறிய பல்புகளைக் கம்பியில் பொருத்தியிருந்தார்கள். அண்ணி மற்ற விளக்குகளை அணைத்தார். பல்பு வெளிச்சம் கண்ணாடி வழியே வெளியே பரவியது. முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே நிற்கும் ஓரத்தூண் மட்டும் கருநிழலாகத் தரையில் விழுந்து, போகப்போக அகன்று, சுவரில் ஏறியது. வெளிச்சம் படுகிற இடம் ஓட்டுபவருக்குத் தெரியும். நிழல் விழுகிற இடம் தெரியாது. அந்த நிழலின் விளிம்பைத்தான் அண்ணி தினமும் சாக்பீஸால் வரைந்துகொண்டிருந்தார்.

மூலையில் கிடந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு நிழலுக்குள் போனார். இருட்டு அவரையும் சைக்கிளையும் சேர்த்து விழுங்கியது.

"அந்தப் பொண்ணு இங்கதான் இருந்திருப்பா, தம்பி. வண்டி திரும்பத் திரும்ப நிழலும் கூடவே வரும். அவளும் அதுக்கு ஈடா வந்தா, கடைசி வரைக்கும் தெரியமாட்டா."

"அப்ப என் மேல தப்பில்லையா, அண்ணி?"

"தப்பில்லன்னு சொல்லிட்டா இடிச்சா வலிக்காதா?"

சைக்கிளை அங்கேயே நிறுத்திவிட்டு வந்து, பல்புக் கம்பியை ஒரு சாண் முன்னே நகர்த்தினார். நிழல் விலகி, சைக்கிள் பளிச்சென்று நின்றது.

"பல்புக்குக் கழுத்து கிடையாது. உங்களுக்கு இருக்குல்ல? எட்டிப் பாருங்க."

தேர்வன்று ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். "கழுத்துப் பிடிப்பா?" என்று கேட்டார் தேர்வு அதிகாரி. பதில் சொல்வதற்குள், காரின் ஓரத்தூணுக்குப் பின்னாலிருந்து குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் அப்பா தெரிந்தார். நிறுத்தினேன். சாலையைப் பாதி கடந்ததும் குழந்தை ஒரு காலுறையைக் கழற்றி எறிந்தது. அவர் திரும்பி வந்து பொறுக்கினார். அதுவரை காத்திருந்தேன். அதிகாரி கழுத்தைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது தினமும் காலையில் அண்ணியை ஆய்வுக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். பயம் இன்னும் இருக்கிறது. திருப்பம் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே எட்டிப் பார்ப்போம். பின் இருக்கையிலிருந்து அண்ணன், "நல்லா வந்து மாட்டினேன், ரெண்டு தலையாட்டி பொம்மைக்கு நடுவுல" என்பார்.

அண்ணிக்கு நன்றி சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். "ரோட்டப் பாருங்க, தம்பி" என்பார். பார்க்கிறேன்.