மணி அடிக்காத மத்தியானம்

ஜவ்வாது மலையில் ஆள் வருவதற்கு முன்னால் வண்டிச் சத்தம் வந்துவிடும். கீழ் வளைவில் கியர் மாற்றும்போதே எங்களுக்குக் கேட்கும். பஸ் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். வேறு வண்டி என்றால் என் பிள்ளைகள் மூன்று பேரும் பின்கதவு வழியாகப் புளியந்தோப்புக்கு ஓடிவிடுவார்கள்.

என் பிள்ளைகள் என்று வாய் சொல்லிப் பழகிவிட்டது. நான் பெற்றவர்கள் இல்லை. வேலை வாங்கித் தருகிறோம் என்று வண்டியில் ஏற்றிப் போய் விற்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட பெண்பிள்ளைகள். ஒரு டிரஸ்ட் அரசுப் பணத்தில் நடத்தும் சின்ன இல்லம் எங்களுடையது. நானும் என் வீட்டுக்காரரும் அவர்களோடு தங்கிச் சமைத்துப்போட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

ஓடச் சொல்லிக் கொடுத்தது நான்தான். சின்னவளை அப்படிக் கூட்டிப்போய் விற்ற ஆள் ஒருநாள் ஜீப்பில் வந்து, கேட்டில் நின்று அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவனைத் துரத்திவிட்ட பிறகு அம்மன் படத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். தெரியாத வண்டி வந்தால் ஓடிவிடுங்கள். வீட்டில் வேற்றாள் யாரும் இல்லை என்றால் மட்டும் பூஜை மணியை அடிப்பேன், அதைக் கேட்டு வாங்க என்று. படவேட்டில் அம்மன் கோயில் வாசலில் வாங்கிய மணி அது.

அந்த வருடம் பல மாதமாக அரசுப் பணம் வரவில்லை. திருப்பத்தூரிலிருந்து வாராவாரம் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் கவுன்சிலர் பெண், சம்பளம் இல்லாமல் நின்றுவிட்டாள். அவளிடம் மட்டும்தான் சின்னவள் வாய் திறந்திருந்தாள். அதிகாரி வந்து பிள்ளைகளைக் கண்ணால் பார்த்து எழுதினால்தான் இனிப் பணம், இல்லாவிட்டால் இல்லத்தை மூடிப் பிள்ளைகளை ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று டிரஸ்ட்டில் சொன்னார்கள். எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சொல்லாமல் வருவதுதான் முறையாம்.

மத்தியானம் சாமைச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஆரனோடு ஜீப் சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் தட்டுகள் மட்டும் இருந்தன.

அதிகாரியம்மா உள்ளே வந்தார். பின்னால் வந்த டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, சோறு கீது, துன்ன ஆளக் காணோம்?"

"தோப்புல கீறாங்க மேடம். வண்டி சத்தம் கேட்டா ஓடிடுவாங்க" என்றேன்.

"போன மாசம் ஒரு இல்லத்துல ஸ்கூலுக்குப் போயிருக்காங்கன்னு சொன்னாங்கம்மா. அங்க புள்ளைங்களே இல்ல. உங்கள மட்டும் எப்படி நம்புறது?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. வீட்டுக்காரர் என்னை அடுப்பங்கரைக்கு இழுத்தார். "மணிய அடிச்சுடு. ஓடியாந்துடுவாளுங்க."

"ஆளு உள்ள கீறாங்களே."

"அவங்க இன்னா புரோக்கரா? கவர்மெண்டு."

"சின்னதுக்கு ரெண்டும் ஜீப்புதான்."

மணி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தாயே, நீயே பார்த்துக்கொள் என்று அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அதைத் தொடாமல் தோப்புக்குப் போனேன். மரங்களைப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். பணம் தர்றவங்க வந்திருக்காங்க, உங்களப் பாக்கணுமாம், மணி அடிக்கல, வர்ற மனசு இருந்தா வாங்க என்று.

பெரியவர்கள் இருவரும் வந்தார்கள். சின்னவள் வரவில்லை.

"ரெண்டு ஆச்சு. இன்னொண்ணு?" என்றார் டிரைவர்.

"நீ ஆரன் அட்ச்சிக்கினே வந்தா அவ எப்டிண்ணா வருவா?" என்றாள் மூத்தவள்.

அதிகாரியம்மா அவர்களோடு நெடுநேரம் தனியாகப் பேசினார். வெளியே வந்து என்னைக் கேட்டார். "மணி அடிச்சா அந்தப் புள்ள வருமாமே?"

"வரும் மேடம். அதான் அடிக்கல."

"பாக்காத புள்ளைய பாத்தேன்னு நான் எழுத முடியாதும்மா."

"எழுதாதீங்க மேடம்" என்றேன்.

ஜீப் சத்தம் மலைக்குக் கீழே அடங்கிய பிறகு மணியை அடித்தேன். சின்னவள் தலையெல்லாம் புளிய இலையோடு வந்து, ஆறிப்போன சோற்றைத் தின்றாள். விளக்கேற்றும்போது, ஒருத்திக்காக மூன்று பேரையும் ஆளுக்கொரு ஊருக்கு நானே அனுப்பிவிட்டேனோ என்றுதான் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்துச் சத்தமே இல்லாமல் கேட் திறந்தது. அதிகாரியம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். ஜீப்பைக் கீழ் வளைவுக்கு முன்னாலேயே விட்டுவிட்டு மலை ஏறி நடந்து வந்திருந்தார்.

தோப்புக்கு ஓட நேரமில்லாமல் சின்னவள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நான் கூப்பிடப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். அசையாமல் நின்று கதவுக்கு அடியில் தரையைப் பார்த்தார்.

"காலு தெரியுதே. போதும்மா" என்றார்.

வாசலிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தார். பணம் வந்ததும் கவுன்சிலர் பெண் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்தச் சத்தத்துக்கு யாரும் ஓடவில்லை.