எதிரணிக்குப் போன மதியம்

அடுக்ககத்தின் வாசலில் நனைந்த கயிற்றுப்பாய் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

திருச்செங்கோட்டில், எங்கள் பெண்கள் பள்ளி கிரிக்கெட் அணிக்கு அப்படியொரு பாய்தான் ஆடுகளம். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆண்டு ஒவ்வொரு போட்டிக்கும் வெயிலில் பாயை விரித்து ஆணி அடித்துவிட்டுக் காத்திருப்போம். எதிரணி வராது. ஆடாமலேயே ஜெயித்தோம் என்பார் பி.டி. மிஸ். கை அரிக்கும். வீட்டுச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து அம்மாவிடம் திட்டு வாங்குவேன்.

இறுதிப் போட்டிக்கு ராசிபுரத்து அணி வந்தே விட்டது. ஆனால் ஏழு பேர்தான்.

"ஆள் பத்தல. கப்பு நமக்குத்தான், கெளம்புங்க" என்றார் மிஸ்.

எங்கள் கேப்டன் ஷகிலா நகரவில்லை. "ஒரு பந்துகூடப் போடாம கப்பை ஊட்டுக்குக் கொண்டுபோனா எங்கப்பாவே சிரிப்பாருங்க மிஸ். நம்ம புள்ளைங்க ரெண்டு பேரை அவிங்களுக்குக் குடுத்தர்றனுங்க. ஒம்பதுக்கு ஒம்பது ஆடலாமுங்க."

அந்த இருவரில் நானும் ஒருத்தி. முகத்தைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டில் நின்றேன். கடைசி ஓவரில் ஷகிலா ஓங்கி அடித்த பந்து என்னை நோக்கி வந்தது. விட்டுவிடலாமா என்று நினைத்தேன். கைகள் கேட்கவில்லை, பிடித்துவிட்டன. அதுதான் கடைசி விக்கெட்; எங்கள் பள்ளி தோற்றது.

ஷகிலா மட்டையோடு என்னை நோக்கி ஓடிவந்தாள். பயந்து பின்வாங்கினேன்.

"உட்டிருந்தீன்னா கொன்னே போட்டிருப்பேன் புள்ள!" என்று கட்டிக்கொண்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் ரன் ஓடும்போது பாயில் விழுந்து பட்ட முழங்கால் சிராய்ப்பை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே வந்தாள்.

அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியவில்லை. யாரைக் கேட்கலாம் என்று யோசித்தபடி மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.