என் மடியில் இருந்த பிக் டப்பா

வானொலி நிலையத்தில் என் அண்ணனுக்குக் கப்சிப் என்று பெயர். வைத்தது அங்கே அவனோடு வாசிக்கிற கூட்டம். வாத்தியக் குழுவில் பன்னிரண்டு பேர், அதில் கிடார் இவன் ஒருவன்தான். பதினோரு வருடமாகப் போய்வருகிறான். அத்தனை வருடத்தில் அங்கே அவன் பேசியதை எழுதினால் அரைப் பக்கம் தேறாது. உட்காரக் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது என்றால், காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு உட்காருவானே தவிர, வேறு நாற்காலி கேட்கமாட்டான். அவனுக்கும் சேர்த்துப் பேசிப் பேசித் தொண்டை வற்றியவள் நான். இதையும் நான்தான் சொல்லியாக வேண்டும். கோபமாகத்தான் சொல்வேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் தையல்காரி. கீழே முன்னறையில் என் கடை, மாடியில் அவன் அறை. அவன் அங்கே வாரத்தில் நான்கு நாள் கிடார் சொல்லித் தருகிறான், மீதி நாளில் நிலையத்திலிருந்து கூப்பிட்டால் போவான். கூப்பிட்டால்தான் போகலாம். பதினோரு வருடமாக அவன் அங்கே தற்காலிகம்.

பிக் என்றால் கிடார் கம்பியைத் தட்டுகிற சின்ன முக்கோணத் துண்டு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, பிளாஸ்டிக்கோ நைலானோ. இதில் என்ன பெரிய வித்தை இருக்கப்போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு என் ஊசிப் பெட்டியைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். மெல்லிய துணிக்குப் பதினோராம் நம்பர் ஊசி, ஜீன்ஸுக்குப் பதினாறு. மாற்றிப் போட்டால் ஒன்று துணி போகும், இல்லை ஊசி போகும். பிக்கும் அப்படித்தான். பாட்டுக்குப் பின்னால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வாரி வாசிக்க அரை மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிசு. தனித்தனிக் கம்பியாக எடுத்து வாசிக்க ஒரு மில்லிமீட்டருக்கு மேல், வளையவே வளையாது. இரண்டுக்கும் நடுவே முக்கால். அதைத்தான் அண்ணன் அதிகம் எடுப்பான்.

புதிதாகக் கற்க வருகிறவரிடம் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்றெல்லாம் கேட்கமாட்டான். கையை நீட்டச் சொல்வான். இறுக்கிப் பிடிக்கிற கை என்றால் மெல்லிசு கொடுப்பான், வேர்க்கிற கை என்றால் சொரசொரப்பானது. எங்கள் தெருமுனைப் பல் டாக்டர் வந்தபோது முதல் வாரமே பிக் வழுக்கி வழுக்கி கிடாரின் ஓட்டைக்குள் விழுந்தது. ஒவ்வொரு முறையும் கிடாரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கி எடுத்தார்கள்.

"டாக்டர் கை இப்படி வேர்த்தா, நான் உங்ககிட்ட எப்படி வாயத் திறக்கறது?" என்று கேட்டேன்.

"பல்லுன்னா வேர்க்காதும்மா, பாட்டுன்னாதான் வேர்க்குது" என்றார் அவர். பெல்ட்டில் துளை போடுகிற என் கருவியால் அவருடைய பிக்கின் நடுவில் துளை போட்டுக் கொடுத்தேன். விரல் பதிய இடம் கிடைத்ததும் பிக் நின்றது.

அண்ணனின் காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டும். ஒரு நாள் அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருக்க, நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் பிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியில் இழுத்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, சும்மா இழுத்தேன். "முக்கால்." "ஒண்ணு." "அது தேஞ்சு போனதும்மா, வலது ஓரம்." பார்க்காமலே வெளியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆறாவது முறை நான் சட்டைக் காலர் பிளாஸ்டிக்கால் இழுத்தேன். "உன் கடைச் சாமானை என் கிடார்கிட்ட கொண்டுவராதே" என்றான்.

அப்பேர்ப்பட்ட காது உள்ளவனைத்தான் பிக் சத்தம் என்று சொல்லி விரட்டப் பார்த்தார்கள்.

நிலையத்தில் ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் ஒலிப்பதிவாளர் ஒரு அறிக்கை எழுதுவார். அதில் குறை என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே ஆளின் பெயர் அந்தக் கட்டத்தில் மூன்று முறை வந்தால், அந்த ஆளை அடுத்த பதிவுக்குக் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான். அண்ணனை நிரந்தரமாக்கும் கோப்பு மேலிடத்துக்குப் போன அதே மாதமாகப் பார்த்து முதல் அறிக்கை வந்தது. 'டிக் டிக் என்று பிக் சத்தம். கிடார்.' பதினோரு வருடத்தில் முதல் தடவை.

அண்ணன் வீட்டுக்கு வந்து பிக்கை மாற்றினான். முக்காலிலிருந்து அரைக்கு வந்தான். தேய்ந்த ஓரம் கம்பியைச் சுரண்டுகிறதோ என்று என்னிடம் ஜீன்ஸ் துணித் துண்டு வாங்கி, ஓரங்களை மணிக்கணக்காகத் தேய்த்து வழவழப்பாக்கினான். நேராகத் தட்டாமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பழகினான், சாய்த்தால் சத்தம் குறையுமாம். நகம் படுகிறதோ என்று விரல் நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டிக்கொண்டான். கம்பளித் துணியில் செய்த பிக் ஒன்று இருக்கிறது, அதைக்கூட வாங்கிவந்தான். அதில் வாசித்தால் கிடார் போர்வைக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. ஐந்து மாதத்தில் நாற்பது பிக் சேர்ந்தது. இரண்டாவது அறிக்கையும் வந்தது. அதே டிக் டிக், அதே கிடார்.

"சத்தம் உன்னுதுதானா? கேட்டியா?" என்று கேட்டேன்.

"எழுதியிருக்காங்களே" என்றான்.

"எழுதினா ஆச்சா? உனக்குக் காது இல்லையா?"

சரியான வாயில்லாப் பூச்சி. நான் இந்தப் பக்கம் கத்திரிக்கோலை ஓங்கி வைத்தேன், அவன் அந்தப் பக்கம் அடுத்த பிக்கைத் தேய்க்க ஆரம்பித்தான்.

கோப்பு முடிவாகும் முன் கடைசிப் பதிவு ஒரு வியாழக்கிழமை காலை. அன்று குறைக் கட்டம் காலியாக இருந்தால் வேலை நிரந்தரம், அவன் பெயர் வந்தால் பதினோரு வருடமும் போச்சு. கிடார் தலையில் கம்பிக்கு இடையில் எப்போதும் ஒரு பிக் செருகியிருக்கும், அதையும் எடுத்து என் தையல் மேசையில் வைத்து எல்லாவற்றையும் ஒரு முறை தேய்த்து டப்பாவில் போட்டான். பிறகு டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

எங்கள் வீட்டில் தொண்டை மிட்டாய் வாங்கிய தகர டப்பா இரண்டு உண்டு. ஒன்றில் அவனுடைய பிக், இன்னொன்றில் என் கொக்கியும் பித்தானும். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் குலுக்கினால் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். அரை மணி நேரம் கழித்து ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைக்க டப்பாவைத் திறக்கிறேன், உள்ளே நாற்பது பிக். என் கொக்கி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். கதவுக்கு வெளியிலிருந்து மில்லிமீட்டர் சொல்கிறவனுக்குக் கையில் குலுங்கிய கொக்கிச் சத்தம் கேட்கவில்லை.

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடினேன். வாசல் காவலாளி உள்ளே விட்டார், ஒலிப்பதிவு அறை வரைக்கும் கூடவே வந்தார், கதவைத் திறக்க மட்டும் விடவில்லை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"வெளக்கு அணையட்டும்மா. இப்பத் தொறந்தா என் வேலை போயிடும்."

"தொறக்கலன்னா என் அண்ணன் வேலை போயிடும்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும், உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார். மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே கதவில் ஒரு கண்ணாடி, தலைக்கு மேலே ஒரு ஒலிபெருக்கி. உள்ளே வாசிப்பதெல்லாம் அதில் வந்தது.

பாட்டு தொடங்கி நாலு வரி போகவில்லை. டிக். டிக். டிக்.

படுபாவி, என் பித்தானை எடுத்துத் தட்டுகிறான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கண்ணாடியிடம் ஓடினேன். சத்தம் கலக்காதிருக்க வைத்த தடுப்புப் பலகைக்குப் பின்னால், கதவுப் பக்கமாக அண்ணன் உட்கார்ந்திருந்தான். கையில் பித்தானும் இல்லை, பிக்கும் இல்லை. வெறும் கட்டைவிரல். நகம் இல்லாத கட்டைவிரல் சதையால் கம்பிகளை மெல்ல வருடிக்கொண்டிருந்தான். சதையில் எங்கிருந்து டிக் வரும்?

அப்போதுதான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் என்றால் குழுவை நடத்துகிறவர். முன்னால் நின்று வலது கையை வீசி வீசித் தாளம் காட்டினார். இடது கை குறிப்புத்தாள் வைக்கும் மரப்பலகையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. அந்தக் கையில் புது மோதிரம், கல் வைத்தது, போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லையாம். ஒவ்வொரு தாளத்துக்கும் அந்த மோதிரம் பலகையில் தட்டியது. மேலே ஒலிபெருக்கியில் டிக். என் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் சந்தேகப்பட ஒரு இடம் இல்லை.

மற்றவர்களைப் பார்த்தேன். புல்லாங்குழல்காரர் மோதிரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தாளைப் பார்த்தார். வயலின்காரரும் அப்படியே. அட கடவுளே, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

விளக்கு அணைந்தது. காவலாளி கதவைத் திறப்பதற்குள் நான் உள்ளே இருந்தேன். ஒலிப்பதிவாளர் தன் அறையிலிருந்து தாளோடு வந்தார். குறைக் கட்டத்தை நிரப்பியே கொண்டுவந்திருந்தார். 'பிக் சத்தம். கிடார்.'

"இதுல கையெழுத்துப் போடுங்க கப்சிப்" என்றார்.

நான் டப்பாவைத் திறந்து மாஸ்டரின் பலகைமேல் கொட்டினேன். நாற்பதும் சிதறியது.

"அவனோட பிக்கு எல்லாம் இதோ இருக்கு. இவ்வளவு நேரமா என் மடியில இருந்துச்சு. அங்க அவன்கிட்ட இருக்கறது என் கொக்கி. இப்ப சொல்லுங்க சார், எந்த பிக்கு சத்தம் போட்டுச்சு?"

ஒலிப்பதிவாளர் டப்பாவையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நகமா இருக்கும்" என்றார்.

அண்ணன் கையை நீட்டிக் காட்டினான். கட்டைவிரல் சிவந்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது.

"பாத்தீங்களா? நகமாம் நகம்" என்றேன். "மூணு தடவை எழுதறதுக்குக் கை வந்துச்சே, ஒரு தடவை எட்டிப் பாக்கக் கண்ணு வரலையா? இங்க பதினோரு பேரு உக்காந்திருக்கீங்க. உங்க காதெல்லாம் எதுக்கு, கம்மல் மாட்டவா?"

அன்று அந்த அறையில் கப்சிப் என்ற பெயர் எல்லோருக்கும் பொருத்தமாக இருந்தது. மாஸ்டர் இடது கையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோனார்.

அண்ணன் எழுந்தான். "மாஸ்டர், மோதிரத்தைக் கழட்டிட்டு இன்னொரு தடவை எடுப்போமா?" என்றான். குரல் உயரவில்லை.

எடுத்தார்கள். அண்ணன் தன் முக்கால் பிக்கைப் பொறுக்கி எடுத்து வாசித்தான். ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், ஒலிப்பதிவாளர் அறிக்கையைத் திருத்திக் கொண்டுவந்தார். 'கிடார்காரர் பிக்கை மாற்றியதும் சத்தம் நின்றது.' எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையை அழுத்திவிட்டு, அவருடைய பேனாவையே வாங்கி, 'கிடார்காரர் பிக்கை' என்பதை அடித்து 'மாஸ்டர் மோதிரத்தை' என்று எழுதினான். 'மாற்றியதும்' என்பதைக் 'கழற்றியதும்' ஆக்கினான். கீழே கையெழுத்துப் போட்டான்.

ஆறு வாரத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. மூன்று அறிக்கையும் கோப்பில் காணோமாம், எலி கடித்திருக்கும் என்றார்கள். மூன்று தாளை மட்டும் தேடிக் கடிக்கிற படித்த எலி. மாஸ்டர் இப்போது மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் தாளம் காட்டுகிறார். மன்னிப்பு என்று ஒரு சொல், இன்றுவரை ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

அதைக்கூட விட்டுவிடுவேன். விட முடியாதது அன்று பஸ்ஸில் அவன் சொன்னது. அவன் மடியில் கிடார், என் மடியில் இரண்டு டப்பாவும்.

"மோதிரம்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மொதல் நாளே."

"அப்புறம் எதுக்குடா அண்ணா நாப்பது பிக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மொதல் நாள் தெரிஞ்சுது. அவங்க எழுதினப்புறம், என் காதை நம்பறதா அவங்க எழுத்தை நம்பறதான்னு தெரியாம போச்சும்மா."